கருவி வந்துவிட்டது... கற்றுக் கொடுப்பது யார்?



2021ஆம் ஆண்டு மே மாதத்தை நீங்கள் மறந்திருக்க மாட்டீர்கள். கொரோனாவின் இரண்டாவது அலை ஊரையே புரட்டிப் போட்ட மாதம். ஆஸ்பத்திரியில் படுக்கை இல்லை, ஆக்சிஜன் இல்லை. மய்யித்தைத் தூக்க நான்கு பேர் கிடைப்பதே அரிதாக இருந்த நேரம் அது.

அந்த நேரத்தில் தர்மபுரி மாவட்டத்தில் எங்கள் பகுதி வியாபாரிகள் சும்மா இருக்கவில்லை. கடைகள் பூட்டிக் கிடந்தபோதும் கையில் இருந்ததைப் போட்டு, வெளிநாட்டில் இருக்கும் பிள்ளைகளிடம் கேட்டு வாங்கி, ஆக்சிஜன் கான்சென்ட்ரேட்டர் ஒன்றைக் கொண்டுவந்து ஜமாஅத்தில் வைத்தார்கள். காற்றில் இருக்கும் நைட்ரஜனைப் பிரித்துவிட்டு ஆக்சிஜனை மட்டும் திரட்டித் தரும் இயந்திரம் அது. வந்த அன்றே ஒரு வீட்டுக்குப் போயிற்று. அங்கே மூச்சுத் திணறிக் கொண்டிருந்தவர் வயதான ஒரு பாய்.

இயந்திரம் ஓடியது. சத்தம் வந்தது. மீட்டரில் குண்டு மேலேறி 5 லிட்டரில் நின்றது. மூக்கில் குழாயை மாட்டினார்கள். ஆனால் விரலில் மாட்டிய ஆக்சிமீட்டரில் எண் ஏறவே இல்லை. "மிஷின் டூப்ளிகேட்" என்றார் ஒருவர். "ஏமாற்றி விற்றுவிட்டான்" என்றார் இன்னொருவர்.

பக்கத்து வீட்டில் நர்ஸிங் படிக்கும் ஒரு தங்கை இருந்தார். கல்லூரி மூடிக் கிடந்ததால், செல்போனில் வந்த பாடங்களைப் பார்த்துப் படித்துக் கொண்டிருந்தவர். அவர் வந்தார். மூக்கில் இருந்த குழாயின் முனையை எடுத்து, ஒரு டம்ளர் தண்ணீரில் விட்டார். ஒரு குமிழி கூட வரவில்லை! அடுத்து, இயந்திரத்தோடு மாட்டியிருந்த தண்ணீர் பாட்டிலின் மூடியைக் கழற்றினார். மரை மாறி ஏறியிருந்தது. சரியாகத் திருகி மாட்டினார். டம்ளரில் குமிழிகள் பொங்கின.

அவ்வளவுதான் கோளாறு! இயந்திரம் நன்றாக இருந்தது, ஆக்சிஜனும் வந்து கொண்டிருந்தது. வந்த ஆக்சிஜன் மூக்குக்குப் போகாமல் மூடியின் இடுக்கு வழியாக அறைக்குள் போய்க் கொண்டிருந்தது. அந்தப் பெரியவர் பிழைத்தது அந்த இயந்திரத்தால் மட்டும்தான் என்று நான் சொல்ல வரவில்லை. ஆனால் பணம் போட்டு வாங்கிய நம்மில் ஒருவருக்கும் தெரியாத ஒரு விஷயம், செல்போனில் பாடம் பார்த்த ஒரு பெண்ணுக்குத் தெரிந்திருந்தது. அதைத்தான் நாம் சிந்திக்க வேண்டும்.

கருவி மட்டும் உயிரைக் காப்பாற்றி விடாது. அதை இயக்கத் தெரிந்த கைதான் காப்பாற்றும். இன்று அந்தக் கைக்குப் பயிற்சி கொடுப்பதற்கு நம் சட்டைப் பையில் இருக்கும் செல்போனே ஒரு வாசலைத் திறந்து வைத்திருக்கிறது. அந்த வாசலை நாம் பயன்படுத்துகிறோமா?

மூலையில் தூங்கும் லட்சங்கள்

இது நம் ஊரில் மட்டும் நடக்கும் கதை அல்ல. ஏழை நாடுகளுக்கு நன்கொடையாக வரும் மருத்துவக் கருவிகளைப் பற்றி உலக சுகாதார நிறுவனம் எச்சரித்திருக்கிறது. சில நாடுகளில் அவற்றில் 10 முதல் 30 சதவீதம்தான் இயங்கும் நிலைக்கே வருகின்றனவாம்! மீதி என்னவாகிறது? மூலையில் தூசி படிந்து கிடக்கிறது. காரணங்களில் ஒன்றாக அந்த நிறுவனம் சொல்வது, பயன்படுத்துவோருக்குப் பயிற்சி இல்லை என்பதைத்தான்.

2011ல் வெளிவந்த ஓர் ஆய்வு, வளரும் நாடுகளின் ஆஸ்பத்திரிகளில் இருந்த ஒரு லட்சத்துக்கும் மேற்பட்ட கருவிகளின் கணக்கை எடுத்துப் பார்த்தது. சுமார் 38 சதவீதம் இயங்காமல் கிடந்தன. அதாவது ஐந்து கருவிகளில் கிட்டத்தட்ட இரண்டு. அதிலும் முதன்மையான காரணங்களில் ஒன்று பயிற்சிக் குறைவுதான்.

நம் நாட்டில் என்ன நடந்தது? 2020ல் பி.எம். கேர்ஸ் நிதியிலிருந்து 2,000 கோடி ரூபாயில் 50,000 வென்டிலேட்டர்கள் வாங்கப் போவதாக அறிவிக்கப்பட்டது. ஓராண்டு கழித்து, மக்கள் மூச்சுக்காகத் தவித்துக் கொண்டிருந்தபோது, சில மாநிலங்களில் வென்டிலேட்டர்கள் பெட்டியைப் பிரிக்காமலேயே கிடங்கில் கிடப்பதாகச் செய்திகள் வந்தன. 2021 மே மாதம் பிரதமரே, அவை பொருத்தப்பட்டு ஓடுகின்றனவா என்று உடனே தணிக்கை செய்யச் சொன்னார். தேவைப்பட்டால் சுகாதார ஊழியர்களுக்கு மீண்டும் பயிற்சி கொடுக்க வேண்டும் என்றும் கூறினார். கொடுக்கப்பட்டவற்றில் பழுதான இயந்திரங்களும் இருந்தன என்ற புகார் தனி. ஆனால் நல்ல இயந்திரமும் இயக்கத் தெரியாதவர் கையில் வெறும் இரும்புப் பெட்டிதானே!

வியாபாரிகளே, உங்களிடம் ஒரு கேள்வி. கடைக்குப் புதிதாக ஒரு பில் போடும் மிஷின் வாங்கினால், கடைப் பையனுக்கு இரண்டு நாள் கற்றுக் கொடுக்காமல் கல்லாவில் உட்கார வைப்பீர்களா? மாட்டீர்கள். தப்பாகப் பில் போட்டால் நஷ்டம் உங்களுக்கு என்று தெரியும். ஆஸ்பத்திரியில் தப்பு நடந்தால் நஷ்டம் யாருக்கு?

தர்மபுரி மறக்கக் கூடாத நாட்கள்

2014 நவம்பரில் தர்மபுரி அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனையில் சில நாட்களுக்குள் பச்சிளம் குழந்தைகள் அடுத்தடுத்து இறந்தபோது நாடே திரும்பிப் பார்த்தது. எடை குறைவாகப் பிறந்தவை, குறைமாதத்தில் பிறந்தவை, பிறக்கும்போதே மூச்சுத் திணறியவை என்று அரசுத் தரப்பு காரணம் சொன்னது. சிகிச்சையில் கவனக்குறைவு இல்லை என்றும் கூறியது. யாரையும் குற்றவாளிக் கூண்டில் ஏற்றுவதற்காக அதை இங்கே நினைவுபடுத்தவில்லை. வேறொரு விஷயத்துக்காக நினைவுபடுத்துகிறேன்.

எடை குறைந்த குழந்தையை வாழ வைப்பது எது? தாய்ப்பாலும் தாயின் உடல் சூடும் முதலாவது. அதற்கு அடுத்த நிலையில், குழந்தை மோசமான நிலைக்குப் போய்விட்டால், நான்கைந்து கருவிகள். உடம்பைச் சூடாக வைக்கும் வார்மர். மூச்சுக்கு உதவும் சி-பாப். இரத்தத்தில் ஆக்சிஜன் அளவைக் காட்டும் பல்ஸ் ஆக்சிமீட்டர். மஞ்சள் காமாலைக்கு நீல விளக்கு. மருந்தைச் சொட்டுச் சொட்டாக அளந்து செலுத்தும் பம்ப்.

இவற்றில் ஒவ்வொன்றும் இருபக்கமும் கூரான கத்தி! வார்மரைப் பாருங்கள். குழந்தையின் தோலில் ஒரு சின்ன உணர்கருவியை ஒட்டுவார்கள். அது காட்டும் சூட்டை வைத்துத்தான் இயந்திரம் தன் சூட்டைக் கூட்டும், குறைக்கும். அந்த உணர்கருவி கழன்று விழுந்து விட்டால்? குழந்தை குளிர்ந்து விட்டது என்று நினைத்து இயந்திரம் சூட்டை ஏற்றிக்கொண்டே போகும். ஆக, அது கழன்றிருக்கிறதா என்று பார்க்கத் தெரிந்த ஒரு நர்ஸ் அங்கே வேண்டும்.

ஆக்சிஜனும் அப்படித்தான். குறைந்தால் உயிருக்கு ஆபத்து. குறைமாதக் குழந்தைக்குக் கூடினால் கண்ணுக்கு ஆபத்து. 1940களிலும் 50களின் தொடக்கத்திலும், மேலை நாடுகளில் இன்குபேட்டரில் தாராளமாக ஆக்சிஜன் கொடுத்தார்கள். உலகில் சுமார் 10,000 குழந்தைகள் பார்வை இழந்தன. நல்லது என்று நினைத்துச் செய்த காரியம்! 1951ல் ஆஸ்திரேலியப் பெண் மருத்துவர் கேட் காம்ப்பெல் ஆக்சிஜன் மீது சந்தேகத்தை எழுப்பினார். 1954ல் அமெரிக்காவில் பல ஆஸ்பத்திரிகள் சேர்ந்து நடத்திய சோதனை அதை உறுதி செய்தது.

அது பழைய கதை என்று ஒதுக்கி விடாதீர்கள். நம் தமிழ்நாட்டிலேயே, சென்னை அரசு மருத்துவமனை ஒன்றில் 1996ல் 29வது வாரத்தில் பிறந்த ஒரு பெண் குழந்தை, இதே கண் நோயால் பார்வை இழந்தது. ஆக்சிஜன் கொடுக்கப்பட்ட குறைமாதக் குழந்தைக்குக் கண் பரிசோதனை செய்ய வேண்டும் என்று யாரும் பெற்றோரிடம் சொல்லவில்லை. தந்தை விடவில்லை. வழக்கு உச்ச நீதிமன்றம் வரை போனது. 2015 ஜூலையில் சுமார் 1 கோடியே 80 லட்சம் ரூபாய் இழப்பீடு வழங்கத் தீர்ப்பானது. பணம் கிடைத்தது. கண்?

குறைமாதக் குழந்தைக்கு ஆக்சிஜன் கொடுக்கும்போது, பல்ஸ் ஆக்சிமீட்டரின் எண் பொதுவாக 90க்கும் 95க்கும் இடையில் நிற்குமாறு பார்த்துக் கொள்ள வேண்டும் என்கிறார்கள் மருத்துவர்கள். அபாய மணி அதற்கேற்ப அமைக்கப்பட வேண்டும். பிறந்து 30 நாட்களுக்குள் கண் டாக்டர் பார்க்க வேண்டும். சொல்லிக் கொடுத்தால் அரை மணி நேரத்தில் புரிந்துவிடும் பாடம். சொல்லிக் கொடுக்காவிட்டால் ஒரு வாழ்நாள் இருட்டு!

ஏன் செல்போன் வழிப் பயிற்சி?

"பயிற்சி வேண்டும் என்றால் சென்னைக்கு அனுப்பிக் கொடுக்க வேண்டியதுதானே?" என்று கேட்கலாம். நடைமுறையை எண்ணிப் பாருங்கள். பென்னாகரத்திலோ அரூரிலோ பாலக்கோட்டிலோ ஒரு வார்டைப் பார்த்துக் கொள்பவர் ஒரே ஒரு நர்ஸ். அவரை ஒரு வாரம் சென்னைக்கு அனுப்பினால் அந்த வாரம் வார்டை யார் பார்ப்பது? அவருக்கும் வீடு இருக்கிறது, கைக்குழந்தை இருக்கிறது. ஒருவழியாகப் போய்ப் படித்துவிட்டு வந்தால், ஆறு மாதத்தில் மாறுதல் உத்தரவு! கற்றவர் ஓர் ஊரில், கருவி இன்னோர் ஊரில். புதிதாக வந்தவர் மறுபடியும் ஒன்றாம் வகுப்பில் இருந்து தொடங்க வேண்டும்.

இந்த இடத்தில்தான் இணையவழிப் பாடம் கை கொடுக்கிறது. ஆசிரியர் ஒருமுறை சொல்லிக் கொடுத்தால் போதும், ஆயிரம் பேர் பார்க்கலாம். இரவு டியூட்டியில் சந்தேகம் வந்தால் இரண்டு மணிக்கும் பார்க்கலாம். புரியாவிட்டால் பத்துமுறை திரும்பப் போட்டுப் பார்க்கலாம். "இதுகூடத் தெரியாதா?" என்று செல்போன் கேட்காது.

இது கற்பனை அல்ல, நடந்திருக்கிறது. 2020 ஏப்ரலில் மத்திய அரசு 'ஐகாட்' என்ற இணையதளத்தைத் தொடங்கி, கொரோனா பணியில் இருந்த டாக்டர்களுக்கும் நர்ஸ்களுக்கும் மற்ற ஊழியர்களுக்கும் ஆக்சிஜன் சிகிச்சை, வென்டிலேட்டர் பராமரிப்பு போன்ற பாடங்களைக் கொடுத்தது. டில்லி எய்ம்ஸின் குழந்தை மருத்துவத் துறையும் பச்சிளம் குழந்தைப் பராமரிப்பை நர்ஸ்களுக்கு இணையவழியில் கற்பித்திருக்கிறது.

ஆப்பிரிக்காவின் எத்தியோப்பியாவில் இன்னொரு முயற்சி. பிரசவம் பார்க்கும் ஊழியர்களுக்காக 'சேஃப் டெலிவரி' என்ற செயலியைப் போனில் ஏற்றிக் கொடுத்தார்கள். மூச்சு விடாமல் பிறக்கும் குழந்தைக்குப் பையும் முகமூடியும் வைத்து எப்படி மூச்சுக் கொடுப்பது என்று படம் ஓடும். ஒருமுறை இறக்கி வைத்துக் கொண்டால் இணையம் இல்லாத இடத்திலும் பார்க்கலாம். 73 சுகாதார நிலையங்களில் சோதித்த முடிவு 2016ல் வெளியானது. செயலி வைத்திருந்த ஊழியர்களின் திறமை, ஓராண்டு கழித்துப் பார்த்தபோதும் மற்றவர்களைவிட உயர்ந்து நின்றது. இறப்பும் அந்த நிலையங்களில் குறைவாகத் தெரிந்தது. ஆனால் அது செயலியால்தான் என்று உறுதியாகச் சொல்லும் அளவுக்கு அந்த வித்தியாசம் இல்லை என்பதையும் ஆய்வாளர்கள் மறைக்கவில்லை. சிக்னல் கிடைக்காத நம் மலைக் கிராமங்களுக்கு இதில் பாடம் இருக்கிறதா இல்லையா?

ஏட்டுச் சுரைக்காயா?

இங்கே ஒருவர் எழுந்து நின்று கேட்பார்: "ஏட்டுச் சுரைக்காய் கறிக்கு உதவுமா? படம் பார்த்து நீச்சல் கற்க முடியுமா?"

கேள்வி நியாயமானது. மழுப்பக் கூடாது. செல்போன் ஒன்றே போதும் என்று யாராவது சொன்னால் அதை நம்பாதீர்கள். ஊசி போடுகிற கையின் பதமும், முகமூடியைக் குழந்தையின் முகத்தில் காற்றுக் கசியாமல் பிடிக்கும் அழுத்தமும் படத்தில் வராது. பாடத்தில் காட்டிய இயந்திரம் ஒரு கம்பெனி, வார்டில் இருப்பது வேறு கம்பெனி. பொத்தான் வேறு இடத்தில் இருக்கும். படத்தை ஓட விட்டு விட்டு, வேறு வேலை பார்த்து, கடைசியில் நாலு கேள்விக்கு விடை தட்டிச் சான்றிதழ் எடுப்பவர்களும் இருக்கிறார்கள். அந்தச் சான்றிதழ் சுவரில் மாட்டத்தான் உதவும்.

ஆகவே இரண்டும் வேண்டும். போனில் பார்ப்பது முதல் படி. வார்டில் இருக்கும் அதே கருவியைத் தொட்டு, கற்றவர் ஒருவர் பக்கத்தில் நிற்கச் செய்து பார்ப்பது இரண்டாம் படி. தனியாகச் செய்து காட்டித் தேறுவது மூன்றாம் படி. சில மாதங்களுக்கு ஒருமுறை மறக்காமல் இருக்கத் திரும்பச் செய்வது நான்காம் படி. முதல் படிக்கு இப்போது சென்னை போக வேண்டியதில்லை என்பதே இணையம் நமக்குத் தரும் லாபம். மீதி மூன்று படிகளையும் மாவட்டத்துக்குள்ளேயே ஏறலாம்.

முடியுமா என்று சந்தேகப்படுவோர் நம் மாவட்டத்தின் சித்தேரி மலைக்கும் கல்வராயன் மலைக்கும் நடுவே இருக்கும் சிட்லிங்கிக்குப் போய் வாருங்கள். 1993ல் டாக்டர் ரெஜி ஜார்ஜ், டாக்டர் லலிதா என்ற தம்பதி அங்கே ஒரு குடிசையில் மருத்துவமனையைத் தொடங்கினார்கள். அப்போது அந்தப் பள்ளத்தாக்கில் பிறக்கும் 1,000 குழந்தைகளில் 147 குழந்தைகள் ஒரு வயதுக்குள் இறந்து கொண்டிருந்தன. வெளியூரிலிருந்து நர்ஸ் வரமாட்டார் என்று தெரிந்ததும் அவர்கள் என்ன செய்தார்கள்? அந்த மலையின் பழங்குடிப் பெண்களையே அழைத்து, நோயாளியின் கட்டில் அருகே நிறுத்திக் கற்றுக் கொடுத்தார்கள். அந்தப் பெண்களே பிரசவம் பார்த்தார்கள், ஆபரேஷன் அறையில் உதவினார்கள். குழந்தை இறப்பு பல மடங்கு குறைந்தது. பட்டத்தை எதிர்பார்த்துக் காத்திருக்காமல் கைகளை உருவாக்கிய வரலாறு அது. அன்று இணையம் இல்லை. பொறுமையான ஆசிரியர்கள் இருந்தார்கள். இன்று ஆசிரியரின் பாதி வேலையை இணையம் ஏற்றுக் கொள்ளும். மீதிப் பாதிக்கு மனிதர் வேண்டும்.

உங்கள் வீட்டுக்குள்ளும் கருவி

"இதெல்லாம் ஆஸ்பத்திரி விவகாரம், எனக்கென்ன?" என்று பக்கத்தைத் திருப்பி விடாதீர்கள். உங்கள் வீட்டு அலமாரியில் பிரஷர் பார்க்கும் மிஷின் இருக்கிறதா? சுகர் பார்க்கும் மிஷின்? அப்படியானால் விவகாரம் உங்களுடையதும்தான்.

பிரஷர் மிஷினின் கைப்பட்டை உங்கள் கைக்குப் பொருந்துகிறதா? 2023ல் அமெரிக்காவில் வெளியான ஓர் ஆய்வில், மிகப் பெரிய பட்டை தேவைப்படும் பருத்த கைக்குச் சாதாரணப் பட்டையைக் கட்டியபோது மேல் எண் 19க்கும் மேல் கூடுதலாகக் காட்டியது. 125 இருப்பவருக்கு 144! இல்லாத நோய்க்கு மாத்திரை! கடையில் வாடிக்கையாளரோடு பேசிக்கொண்டே, காலைத் தொங்கவிட்டுக் கொண்டே பிரஷர் பார்த்தாலும் எண் ஏறும். ஐந்து நிமிடம் அமைதியாக உட்கார வேண்டும். முதுகு சாய்ந்திருக்க வேண்டும், பாதம் தரையில் பதிய வேண்டும், கை நெஞ்சு மட்டத்தில் தாங்கலாக இருக்க வேண்டும்.

மாம்பழ மண்டியில் வேலை செய்யும் சகோதரரே! பழம் நறுக்கிய கையைக் கழுவாமல் விரலில் குத்திச் சுகர் பார்த்தால், விரலில் ஒட்டிய பழச் சாறும் சேர்ந்து அளவைப் பன்மடங்கு ஏற்றிக் காட்டும். சோப்புப் போட்டுக் கழுவி, ஈரம் போகத் துடைத்து விட்டுப் பாருங்கள். ஸ்டிரிப்பின் காலாவதித் தேதியையும் பாருங்கள்.

பல்ஸ் ஆக்சிமீட்டர் மாட்டும் விரல் குளிர்ந்திருந்தாலும், நகச்சாயம் பூசியிருந்தாலும் கணக்குத் தவறலாம். தோல் கருத்தவர்களுக்கு உண்மையான அளவைவிடக் கூட்டிக் காட்டலாம் என்பதும் 2020 டிசம்பரில் வெளியான அமெரிக்க ஆய்வில் தெரிய வந்தது. எண் நன்றாக இருக்கிறதே என்று ஏமாறாமல், மூச்சுத் திணறும் மனிதரின் முகத்தையும் பார்க்க வேண்டும்.

2021 ஆகஸ்ட் 5ந் தேதி 'மக்களைத் தேடி மருத்துவம்' திட்டம் தொடங்கப்பட்ட இடம் எது தெரியுமா? நம் பக்கத்துக் கிருஷ்ணகிரி மாவட்டத்தின் சாமனப்பள்ளி கிராமம். 2004 வரை தர்மபுரி மாவட்டமாகவே இருந்த பகுதி. மகளிர் குழுக்களைச் சேர்ந்த பெண்கள் பிரஷர் மிஷினும் சுகர் மிஷினும் பையில் போட்டுக்கொண்டு வீட்டுக்கு வீடு படியேறினார்கள். மருத்துவக் கருவி டாக்டரின் மேசையை விட்டு இறங்கி நம் திண்ணைக்கு வந்து விட்டது. கருவி வந்த அதே வேகத்தில் கல்வியும் வர வேண்டாமா?

அரசுக்கு நம் கோரிக்கை

அரசு எந்தக் கருவியை வாங்கினாலும், விற்கும் கம்பெனி தமிழில் பயிற்சிப் படமும் தர வேண்டும் என்பதை ஒப்பந்தத்திலேயே எழுத வேண்டும். ஆங்கிலத்தில் தடித்த புத்தகம் கொடுத்துவிட்டுப் போவது பயிற்சி ஆகாது. போனைக் காட்டினால் அந்தப் படம் ஓடும்படியான கியூ.ஆர். வில்லையை ஒவ்வொரு கருவியின் மேலும் ஒட்ட வேண்டும். மளிகைக் கடையில் பணம் வாங்க ஒட்டுகிறோமே, அதே போன்றதுதான். பெரிய செலவில்லை!

தர்மபுரி மருத்துவக் கல்லூரி 2008ல் வந்தது. அங்கே பயிற்சிக்கென்று சில கருவிகளையும் பொம்மைகளையும் ஒதுக்கி, மாவட்டத்தின் எல்லா நர்ஸ்களும் முறை வைத்து வந்து கையால் செய்து காட்டித் தேற வழி செய்ய வேண்டும். படிக்கும் நேரத்தைப் பணி நேரமாகக் கணக்கிட வேண்டும். பன்னிரண்டு மணி நேரம் உழைத்து வந்தவரிடம் "வீட்டுக்குப் போய்ப் படம் பார்" என்பது அநியாயம். பயிற்சி பெற்றவரை மாற்றும்போது, அடுத்தவர் தேறிய பிறகே அனுப்ப வேண்டும்.

வியாபாரிகளே! இளைஞர்களே!

கொடை கொடுப்பதில் நம் வியாபாரிகள் யாருக்கும் சளைத்தவர்கள் அல்லர். ஆஸ்பத்திரிக்குக் கருவி வாங்கிக் கொடுத்து, கல்வெட்டில் பெயர் போட்டு, போட்டோ எடுத்து வருகிறோம். இனிமேல் ஒரு பழக்கத்தைச் சேர்த்துக் கொள்வோம். கருவிக்கு நூறு ரூபாய் ஒதுக்கினால், அதில் பத்து ரூபாயைப் பயிற்சிக்கும் பராமரிப்புக்கும் ஒதுக்குவோம். விற்பவரிடம் மூன்று கேள்விகள் கேட்போம்: யாருக்குக் கற்றுக் கொடுப்பாய்? தமிழில் படம் இருக்கிறதா? பழுதானால் எத்தனை நாளில் வருவாய்? பதில் வராவிட்டால் பணம் போகக் கூடாது. சரக்கு எடுக்கும்போது இதைவிட அதிகக் கேள்விகள் கேட்பவர்கள்தானே நாம்!

ஒவ்வொரு ஜமாஅத்திலும் 2021ல் வாங்கிய கான்சென்ட்ரேட்டர் எங்கே என்று இந்த வாரமே தேடிப் பாருங்கள். பில்டரைக் கழுவி, ஓட விட்டு, டம்ளர் தண்ணீரில் குமிழி வருகிறதா என்று பாருங்கள். இயக்கத் தெரிந்த இரண்டு ஆண்கள், இரண்டு பெண்கள் பெயரை எழுதி அதன் மேலேயே ஒட்டுங்கள். ஆனால் எத்தனை லிட்டர், எத்தனை நேரம் என்பதை டாக்டர்தான் சொல்ல வேண்டும். நாள்பட்ட நுரையீரல் நோய் உள்ளவர்களுக்கு அளவு மிஞ்சிய ஆக்சிஜனும் கேடு.

இளைஞர்களே! செல்போனைப் பிரித்துப் பழுது பார்க்கும் விரல்கள் உங்களிடம் இருக்கின்றன. அதே விரல்கள் டயாலிசிஸ் இயந்திரத்தையும் வென்டிலேட்டரையும் பழுது பார்க்கக் கற்றால் என்ன? நர்ஸிங், டயாலிசிஸ் டெக்னீஷியன், ஆபரேஷன் தியேட்டர் டெக்னீஷியன், மருத்துவக் கருவிப் பொறியியல் என்று எத்தனை வழிகள்! இந்தத் துறைகளில் பலவற்றை முறைப்படுத்த 2021ல் தேசிய ஆணையச் சட்டமே வந்திருக்கிறது. ஆனால் ஓர் எச்சரிக்கை. "வீட்டிலிருந்தபடியே மூன்று மாதத்தில் லேப் டெக்னீஷியன்" என்று விளம்பரம் வந்தால் ஏமாந்து விடாதீர்கள். ஆஸ்பத்திரிப் பயிற்சி இல்லாத படிப்பு படிப்பல்ல. அங்கீகாரம் உண்டா என்று விசாரித்த பிறகே கட்டணம் கட்டுங்கள். இணையப் பாடம் நல்ல துணை. ஆனால் தொழிலுக்கு அதுவே தகுதியாகி விடாது.

வீட்டில் மகளை நர்ஸிங் படிக்க வைக்கத் தயங்கும் பெற்றோர்களுக்கும் ஒரு வார்த்தை. அந்த மே மாத இரவில் பக்கத்து வீட்டுத் தங்கை படிக்காமல் இருந்திருந்தால், நாங்கள் நல்ல இயந்திரத்தைத் திட்டிக் கொண்டே விடியும்வரை நின்றிருப்போம். உள்ளே ஒரு மனிதர் மூச்சுக்குத் தவித்துக் கொண்டிருந்திருப்பார்.

கருவி வாங்கப் பணம் திரட்டினோம். இனி, கற்ற கைகளைத் திரட்டுவோம். சிந்திப்போம், செயல்படுவோம்!